பால் பொங்கிய வெள்ளிக்கிழமை

1991-இல் எங்கள் வீட்டுக்கு கேஸ் அடுப்பு வந்தபோது நான் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தேன். ஒரகடத்துக்குப் பக்கத்துக் கிராமம், ஜன்னல் இல்லாத சமையற்கட்டு, மழை வந்தால் ஈர விறகு. ஊதி ஊதி இளைப்பு வந்துவிட்டது. இனிப் புகை கூடவே கூடாது என்று டாக்டர் கடிந்துகொண்டார். நான் என்ன, ஆசைப்பட்டா புகையைக் குடித்தேன்?

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஃபாக்டரி வேலையில் இருந்த என் கணவர், ஓ.டி. பார்த்து, யார் யாரையோ பிடித்து கனெக்‌ஷன் வாங்கினார். அடுப்பை மாட்ட வந்த ஆள் எல்லாம் சொல்லித்தந்தார். அடுப்பு சிலிண்டரைவிட உயரத்தில் இருக்கவேண்டும். கொதி வந்ததும் மூடி போட்டுத் தீயைக் குறைத்தால் கேஸ் நாள்படும். "பாலை மட்டும் பொங்கவுட்டுடாதீங்கம்மா. நெருப்பு அணைஞ்சிடும், கேஸ் வந்துகினே இருக்கும். அப்ப வத்திக்குச்சிகூட கிழிக்கக் கூடாது."

ஒரு சொல் விடாமல் மனதில் வாங்கிக்கொண்டேன். என் உயிரே அந்த அடுப்பில்தான் இருந்தது. என் மாமியார் காதில் எதையும் போட்டுக்கொள்ளாமல் பூக்கட்டிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் பூஜை. சிலிண்டருக்குக்கூடப் பொட்டு, பூச்சரம். புது அடுப்பில் பால் பொங்கி வழிந்தால்தானே மங்களம்!

"வழியக் கூடாதாம் அத்தை" என்றேன்.

"பொங்காத பாலு இன்னாத்துக்குடி?" என்றார். வாலாஜாபாத்திலிருந்து வந்திருந்த நாத்தனார் சிரித்தாள்.

பால் பொங்கி நாலாபக்கமும் வழிந்தது. எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். நான் மட்டும் பாத்திரத்தின் அடியைப் பார்த்தேன். நெருப்பு இல்லை. தீய்ந்த பால் நாற்றத்தில் வேறெதுவும் மூக்குக்கு எட்டவில்லை, 'உஸ்' என்ற சத்தம் மட்டும் வந்தது. கூடத்தில் கற்பூரம் ஏற்றிய அத்தை, எரியும் தட்டோடு உள்ளே வந்தார்.

"அத்தை, அணைச்சிடுங்க! கேஸ் வருது!"

விளக்கு மலையேறியது என்று சொல்லும் வீடு அது. அணைப்பது என்ற சொல்லை சாமி முன்னால் யாரும் எடுக்கமாட்டார்கள். "வெள்ளிக்கெழம அதுவுமா இன்னா வார்த்த பேசற?" என்றபடி அவர் இன்னும் ஓரடி எடுத்துவைத்தார். விளக்கிச் சொல்ல எங்கே நேரம்? பாய்ந்துபோய் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அழுத்தினேன். அடுப்பை மூடி, ரெகுலேட்டரை மூடி, பின்கதவைத் திறந்துவிட்டேன். கை எரிந்தது பிறகுதான் தெரிந்தது.

"எல்லாரும் செத்திருப்போம்" என்றேன். யார் கேட்டார்கள்?

"சாமி நெருப்ப அணைச்சிட்டாளே! இந்த அடுப்பு நம்ம வூட்டுக்கு ஆவாது" என்று அத்தை அழுதார். வல்லக்கோட்டை முருகன் மேல் ஆணையிட்டார். வெட்கத்தை விட்டு அவர் காலில் விழுந்தேன். புகையில் சமைத்தால் செத்துப்போவேன் என்று கதறினேன். கணவரைப் பார்த்தேன். "கொஞ்ச நாள் போவட்டுமே" என்றார் அந்த மகராசன்.

அடுப்பும் சிலிண்டரும் நாத்தனாரோடு வாலாஜாபாத்துக்குப் போயின. நமக்கு ஆகாத அடுப்பு உங்கள் மகளுக்கு மட்டும் எப்படி ஆகும் என்று கேட்டேவிட்டேன். அத்தை பூக்கட்ட உட்கார்ந்துவிட்டார்.

ஐப்பசி மழையில், நாத்தனாரின் சீமந்தத்துக்குப் போனோம். சமையற்கட்டில் அதே அடுப்பு, பொட்டு அழியாத சிலிண்டர். இருமிக்கொண்டே நான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். நாத்தனார் பாலை வைத்துவிட்டுப் பேச்சில் மறந்துபோனாள். கூடத்திலிருந்து அத்தை அலறிக்கொண்டு ஓடிவந்தார்.

"பாலு பொங்குதுடி! அணை, அணை! வழிஞ்சா நெருப்பு போயிட்டு கேஸு வருமில்ல, மாசமா கீறவ!"

அவரே அடுப்பை மூடினார். ரெகுலேட்டரையும் மூடினார். திரும்பியபோது என்னைப் பார்த்தார். என் உள்ளங்கைத் தழும்பையும் பார்த்தார். அவரிடமிருந்து ஒரு சொல் வரும் என்று, வெட்கமில்லாமல், நான் காத்திருந்தேன்.

"காப்பி குடிக்கிறியா?" என்றார்.

மறுநாள் காலை எங்கள் வீட்டில் ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தேன்.