இணைச்சீர்ப் படங்களை மீட்டுத் தந்த மாகாளியம்மன்

“அக்கா, ஆபரேஷனுக்கு அப்புறம் கண்ணு தெரியுமோ என்னமோங்க. அதுக்கு முன்னால என்ற இணைச்சீர்ப் படத்தைப் பாத்துப்போடணும்.” போனில் கவிதா இப்படிச் சொன்னபோது, அந்தப் படங்கள் இருந்த ஹார்டு டிஸ்க் சர்வீஸ் கடை மேசையில் செத்துக் கிடந்தது.

அம்மனை நம்பியிருக்கும் சொந்தங்களே, நான் தொண்டாமுத்தூர்க்காரி. என் வீட்டுக்காரர் கல்யாணங்களுக்குப் போட்டோ எடுப்பார். நான் லேப்டாப்பில் ஆல்பம் செய்வேன். போன ஆவணியில் கவிதாவின் தம்பி கல்யாணத்துக்கு நாங்கள்தான் படம் எடுத்தோம். மாப்பிள்ளையின் அக்காவைக் கல்யாணப் பெண் மாதிரியே அலங்கரித்து, தம்பி பக்கத்தில் உட்கார வைத்துச் செய்வதுதானே இணைச்சீர்? தலைக்குள் கண் நரம்பை அழுத்தும் கட்டி இருப்பது தெரிந்தும், அந்தப் பெண் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகுதான் லேப்டாப் ஆமை வேகத்தில் நகர ஆரம்பித்தது. பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி என்கிற வேகமான புது டிஸ்க் போட வேண்டும் என்றார்கள். எங்கள் வீட்டில் எதற்கும் மாகாளியம்மன் கோயிலில் பூக்கேட்காமல் இறங்க மாட்டோம். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். பூசாரி ஒன்றை எடுத்தார். வெள்ளை! அம்மா உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

டவுனில் சர்வீஸ் கடை வைத்திருக்கும் ரபீக் முதலிலேயே கேட்டார். “ஏனுங்க, எல்லாத்தையும் காப்பி எடுத்து வெச்சுட்டீங்களா?”

“அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க. பூவே வந்திருச்சு, நீங்க மாத்துங்க” என்றேன். என் வாயை என்ன சொல்ல?

புது எஸ்எஸ்டி ஜோராக ஓடியது. படங்களை எடுக்கப் பழைய டிஸ்க்கைத் தனிப் பெட்டியில் போட்டு லேப்டாப்பில் சொருகினால் டொக் டொக் என்று அடித்துக்கொண்டு நின்றுவிட்டது. கேமரா கார்டுகளையும் அடுத்த முகூர்த்தத்துக்காக அழித்துவிட்டிருந்தோம். அந்த நேரத்தில்தான் கவிதாவின் போன். மறுநாள் காலையில் ஆபரேஷன்.

கடை வாசலில் நின்று அழுதேன். அழுகையோடு கோபமும் வந்தது. “ஏம்மா, இதுக்குத்தான் வெள்ளைப் பூவைக் குடுத்தியா? என்னை விடு, அந்தப் புள்ள உனக்கு என்ன பண்ணுச்சு? அவ ஒருதடவை பாக்கட்டும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்” என்று வாய்விட்டே சண்டை போட்டேன். போகிற வருகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்!

உள்ளேயிருந்து ரபீக் கூப்பிட்டார். “அக்கா, ஓடி வாங்க! டிஸ்க்கு மறுபடி காட்டுது. எப்ப நிக்கும்னு சொல்ல முடியாதுங்க. எதை மொதல்ல எடுக்கட்டும்?”

திரையில் இரண்டு ஃபோல்டர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒன்று கவிதா வீட்டுக் கல்யாணம். இன்னொன்று என் மகள் பிறந்ததிலிருந்து எடுத்து வைத்த படங்கள். அதற்கும் வேறு காப்பி கிடையாது. ஆனாலும் இப்போதுதானே அம்மாவிடம் அப்படிச் சொல்லிவிட்டு வந்தேன்?

“இணைச்சீரை எடுங்க” என்றேன்.

ரபீக் உதட்டுக்குள் துவா ஓதிக்கொண்டிருந்தார். நான் மாகாளி மாகாளி என்று நின்றேன். கல்யாணப் படங்கள் முழுதும் ஏறின. மகள் படங்களைத் தொட்டதும் டிஸ்க் நின்றது. பிறகு எங்கே கொண்டுபோய்க் காட்டியும் அது உயிர் பெறவில்லை.

அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரிக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கவிதா திரையை முகத்தோடு ஒட்டி வைத்துப் பார்த்தாள். “எந்தம்பி கைய நான் எப்படிப் புடிச்சிருக்கறேன் பாருங்கக்கா” என்றாள். நர்ஸ் வந்து வாங்கும்வரை விடவில்லை.

ஆபரேஷனில் உயிர் பிழைத்தாள். பார்வை இன்னும் திரும்பவில்லை. இதிலே அம்மன் என்ன செய்தாள் என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். நான் என்ன கேட்டேனோ அதை அவள் கொடுத்தாள். இப்போதெல்லாம் இரண்டு இடத்தில் காப்பி எடுத்து வைத்த பிறகுதான் எந்த வேலைக்கும் பூக்கேட்கக் கோயிலுக்குப் போகிறேன். நம்மால் ஆனதை நாம் செய்ய வேண்டும், மீதியை அவளிடம் விட வேண்டும். உங்களுக்கும் மனசு தாங்காத கஷ்டம் வந்தால் அவளிடம் போய்ச் சொல்லுங்கள். சண்டை போட்டாவது சொல்லுங்கள்.

போன வாரம் கவிதாவைப் பார்க்கப் போயிருந்தேன். ஆல்பத்தை மடியில் வைத்திருந்தாள். பக்கத்தைத் தடவிக்கொண்டே, “அன்னைக்குக் கடைசியாப் பாத்தது இதுதானுங்கக்கா. கண்ணை மூடுனாலும் தெறந்தாலும் எனக்கு இது தெரியுது” என்றாள்.