ஆடி கழியட்டும் என்றேன்

உங்கள் பெரியப்பா கம்பெனி வாசல் டீக்கடையில் ஒரு துண்டுக் காகிதத்தை என்னிடம் நீட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. கிருஷ்ணகிரி ஆடிட்டர் தன் கையால் எழுதிக் கொடுத்தது. ‘ஜூலை 31க்குள்’ என்பதன் கீழே இரண்டு கோடுகள். எனக்கு முதல் ஷிப்ட் முடிந்திருந்தது. அவருக்கு இரண்டாம் ஷிப்ட் தொடங்க இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது.

விஷயம் இதுதான். பாகலூர் சாலைப் பக்கம் வெறும் முட்காடாக இருந்தபோது வாங்கிப் போட்ட மனையைப் பெரியப்பா நல்ல விலைக்கு விற்றிருந்தார். அந்தப் பணத்தில் மூன்று வருடத்துக்குள் வீடு கட்டிவிட்டால் லாபத்துக்கு வரி கேட்க மாட்டார்கள். ஆனால் அதுவரை பணம் சாதாரணக் கணக்கில் கிடக்கக் கூடாது. வரிக் கணக்குக் கொடுக்கும் கடைசி நாளான ஜூலை 31க்குள், இதற்கென்றே வங்கியில் இருக்கும் தனிக் கணக்கில் போட்டுவிட வேண்டும். கீழே அவர், மேல்மாடியில் நாம் என்று பேச்சு. அப்போது நாம் ஆறு குடும்பத்துக்கு ஒரே குளியலறை உள்ள லைன் வீட்டில் இருந்தோம்.

“ஆடி பொறந்துடுச்சேடா, புதுக் கணக்கு தொறக்கலாமா?” என்றார். எங்கள் தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுவோம். ஆடியில் எதையும் புதிதாகத் தொடங்கக் கூடாது என்பதில் மட்டும் மூன்று மொழிக்கும் சண்டை கிடையாது. “பேங்க்ல பணம் போடறதுக்கு எதுக்குங்க முகூர்த்தம்? மேளமா வெக்கப் போறீங்க?” என்று ஆடிட்டர் கேலி செய்தாராம். அதைச் சொல்லிவிட்டுப் பெரியப்பா என் முகத்தையே பார்த்தார்.

“ஆடி கழியட்டும்ணா. அவருக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவாரு. ஒரு மாசத்துல பணம் எங்க ஓடிடப் போவுது?” என்றேன். அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஆவணியில் நல்ல நாள் பார்த்து, கோவிலில் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் வங்கிக்குப் போனோம். மறுநாள் பணம் போட்ட சீட்டை வாங்கிய ஆடிட்டர் அதிலிருந்த தேதியை விரலால் தொட்டார். “போட்டது சரிங்க, தேதி போயிடுச்சே” என்றார். வரி ஆபீசில் ஆடி மாதம் என்ற காரணத்தை எந்தப் படிவத்திலும் எழுத இடம் இல்லை. வரியை வட்டியோடு கட்டினார். மீதியில் கீழ்த்தளம் மட்டும் எழும்பியது. மாடிப்படியை மட்டும் எப்படியோ கட்டி முடித்தார். நாம் லைன் வீட்டிலேயே இருந்தோம். நீங்கள் பள்ளிக்கூடம் முடிக்கும்வரை வாளியோடு வரிசையில் நின்றீர்கள்.

“ஏன் பெரியப்பா, மாடி கட்டல?” என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம், “உங்க பெரியப்பனுக்குப் புத்தி இல்ல சாமி, ஆடி பாத்துட்டு உக்காந்துட்டேன்” என்று சிரிப்பார். நீங்களும் சிரிப்பீர்கள். நான் பக்கத்திலேயே இருப்பேன். ஒருமுறைகூட அவர் என் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை.

இந்த ஞாயிறு அங்கே போகிறோம். அவர் மறுபடி அப்படிச் சொன்னால் சிரிக்காதீர்கள். அவர் கேட்கத்தான் செய்தார். கழியட்டும் என்று சொன்னவன் நான்.