சுக்கானுக்குக் காட்டிய கை

தார்ப்பாயக்கா என்றால்தான் கடைத்தெருவில் தெரியும். லாரிக்கும் கடை முகப்புக்கும் தார்ப்பாய் தைக்கும் பட்டறையில் அவளுக்குப் பாதி ஆயுள் போயிருந்தது. உள்ளங்கையில் தோல்பட்டையைக் கட்டிக்கொண்டு, தடித்த ஊசியை அதனால் அழுத்தித் தள்ளுவாள். கட்டைவிரல் நகம் பிளந்து பிளந்து அப்படியே நின்றுவிட்டது.

கணவர் பேருந்து ஓட்டுநர். விடுமுறை நாளில் இருவரும் ஒரு பழைய பாய்மரப் படகில் வளைகுடாவுக்குள் போவார்கள். பாய் அவள் தைத்தது. காற்றில்லாத நேரத்துக்கு ஒரு சின்ன மோட்டாரும் உண்டு. அவர் பின்னால் உட்கார்ந்து சுக்கான் கட்டையைப் பிடிப்பார். அவள் முன்னால் உட்கார்ந்து, தண்ணீரின் நிறம் பார்த்துக் கை காட்டுவாள்.

அவர் போனபின் வீட்டைக் காலி செய்தாள். வளைகுடாவின் தென்முனையில், தெற்குத்துறைக்குப் பக்கத்தில் மகள் வீடு. சாமான்கள் லாரியில் போய்விடும். படகு?

"வித்துடலாம் அண்ணி. அண்ணனே இல்ல, இனி யார் ஓட்டப்போறா?" என்றார் கொழுந்தனார்.

"நான்தான்."

"நீங்க முன்னாடி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவங்க."

அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். "தம்பி, மோட்டாரைக் கழட்டி லாரியில நீங்களே எடுத்துட்டுப் போங்க. பாயை வெச்சே தெக்குத்துறைக்கு வந்துட்டா படகு எங்கிட்ட இருக்கும். வர முடியலைன்னா உங்க இஷ்டம். நான் வாயே திறக்க மாட்டேன்."

விடிந்ததும், கூட்டிப்போக வந்திருந்த மகளோடு கிளம்பினாள். காலையில் வடகாற்று முதுகில் தள்ளும். மதியத்துக்கு மேல் திரும்பி முகத்தில் அடிக்கும். அதற்குள் போய்ச் சேர வேண்டும். பாலம் கட்டும் பொறியாளரான மகள் சுக்கானைப் பிடித்தாள். அம்மா வழக்கமான இடத்தில், முன்னால். கரை வலப்பக்கம் கூடவே வந்தது. படகு நேராகப் போனது; கை காட்ட வேலை வரவில்லை.

ஆற்று வாயைத் தாண்டும்போது வலப்பக்கம் தண்ணீர் வெளுத்தது. மணல்திட்டு. அம்மா சட்டென்று வலக்கையை நீட்டினாள். மகள் உடனே படகை வலப்பக்கம் திருப்பினாள். அடியில் நறநறவென்று ஒரு சத்தம். படகு நின்றது.

"ஏண்டி, நான் என்ன காட்டினேன், நீ என்ன பண்ணினே?"

"வலது காட்டினே. வலது போனேன்."

"கட்டையை வலது தள்ளச் சொன்னேன். அப்பத்தானே படகு இடது போகும்?"

மகள் திகைத்தாள். "போற பக்கத்தைத்தானேம்மா எல்லாரும் காட்டுவாங்க?"

"உங்கப்பாவுக்கு ஸ்டியரிங் பழக்கம். இந்தப் பக்கம் தள்ளினா அந்தப் பக்கம் போகுங்கறது கடைசிவரைக்கும் மண்டையில ஏறல. அதான், எங்கே தள்ளணுமோ அங்கே நான் கை காட்டிடுவேன். யோசிக்கிறது நான், தள்ளுறது அவர்."

"அப்போ இத்தனை வருஷமா ஓட்டினது நீயா?"

"அவர்கிட்ட சொல்லிடாதே. முகம் தொங்கிப்போயிடும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. அம்மா எழுந்து பாயை இறக்கினாள்.

மீன்பிடி விசைப்படகு ஒன்று வேகத்தைக் குறைத்தது. "கயிறு போடட்டுமாக்கா? ஒரே இழுப்பு, வந்துடும்."

"வேணாம்பா. மோட்டார் இழுத்தா கணக்குல வராது."

"என்ன கணக்கு?"

"வீட்டுக் கணக்கு. நீ போ."

அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். தண்ணீர் முழங்காலளவு. முன்பக்கத்தில் முதுகைக் கொடுத்தாள். "நீயும் இறங்கு. அலை வந்து தூக்கும்போது மட்டும் தள்ளு. சும்மா முக்காதே."

முதல் அலைக்கு அசையவில்லை. அடுத்ததற்கும் இல்லை. அம்மாவின் கால் மணலில் புதைந்தது. பிடுங்கி மறுபடி ஊன்றினாள். பெரிதாக ஒன்று வந்தபோது படகு முனகிக்கொண்டு பின்னால் நழுவியது. இருவரும் தொற்றி ஏறிப் பாயை மறுபடி ஏற்றினார்கள்.

மகள் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். "நீ பிடிம்மா. கை நான் காட்டுறேன்."

"எந்தக் கணக்குல காட்டுவே?"

"அப்பா கணக்குல."

சுக்கான் கட்டையில் அவர் கை பட்டுப்பட்டு வழவழத்திருந்த இடம் இருந்தது. அவள் அங்கே பிடிக்கவில்லை. சற்றுத் தள்ளிப் பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் கை தானாக அங்கே போய்விட்டது.

தெற்குத்துறை தெரிந்தபோது காற்று தளர்ந்துவிட்டது. பாய் ஒருமுறை தொங்கி, மறுபடி நிறைந்தது. அம்மா கட்டையை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, இருந்த காற்றையெல்லாம் பாய்க்குள் வாங்கினாள். லாரிக்குப் பக்கத்தில் நின்ற கொழுந்தனார் இரண்டு கையையும் ஆட்டி என்னென்னவோ வழி காட்டினார். அவள் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. மகளின் இடக்கை உயர்ந்தது. அவள் கட்டையை இடப்பக்கம் தள்ளினாள். படகு வலப்பக்கம் திரும்பி, துறை மேடையை உரசி நின்றது.

கயிறு கொழுந்தனார் கையில் விழுந்தது. அவர் அதைப் பிடித்தபடியே நின்றார்.

"கட்டுங்க தம்பி," என்றாள். "மோட்டாரை இறக்கி வெச்சுட்டு லாரியை அனுப்பிடுங்க."