இரண்டாவது சாவி

"...அதனால தட்டிக்கினு நிக்காத நைனா, தொறந்துக்கினு உள்ள வா" என்று பாய் சொன்னபோது அவர் கையில் ஒரு சாவி இருந்தது. இன்று அது என் வீட்டுச் சுவரில், ஆணியில் தொங்குகிறது. அது திறந்த கதவு இப்போது இல்லை. வீட்டை வாங்கியவர்கள் இடித்துக் கடை கட்டிவிட்டார்கள்.

பாய்க்கு உத்திரமேரூர் பஜாரில் பாத்திரக்கடை. பின்தெருவில் வரிசையாக நான்கு வாடகை வீடுகள். ஒன்றில் நான் பதினோரு வருஷம் குடியிருந்தேன். எதிரே அவர் வீடு. பெருமழை பிடித்தால் காலியாகக் கிடக்கும் வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்வார். ஒழுகுகிற இடத்தைச் சாக்கட்டியால் வட்டம்போட்டு, அதை அடைத்த பிறகுதான் ஆள் வைப்பார். "ஒழுகற வூட்ட வுட்டா, மழ பெய்யறப்பல்லாம் அவன் நம்மள நெனச்சிக்குவான். அந்த நெனப்பு நமக்கு வாணாம்" என்பார். குடிவருகிறவர்களிடம் இரண்டு சாவியையும் கொடுத்துவிடுவார். "வூடு என்னுது, கதவு உன்னுது." வாலிபத்தில் ஒருமுறை, குழாய் ஒழுகுகிறதென்று தன்னிடமிருந்த சாவியால் ஒரு வீட்டைத் திறந்திருக்கிறார். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த பெண் பதறி எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாளாம். அதைச் சொல்லும்போது எழுபது வயதிலும் அவர் முகம் தொங்கிப்போகும்.

என் பக்கத்து வீட்டுக்கு, நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஓர் அம்மா தனியாக வந்தார். எல்லாருக்கும் அவர் சிஸ்டர்தான். தனியாள் என்பதால் பாய் இரும்புக் கதவு போட்டு, சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் பூட்டும் வைத்தார். தன் வீட்டுக்கும் அதே பட்டறையில் அதேபோல ஒன்று செய்துகொண்டார். "எத்தினியோ வூடு மாறிட்டேன் பாய். ரெண்டு சாவியும் குடுத்தது நீங்க ஒருத்தர்தான்" என்று சிஸ்டர் சிரித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

ஒருநாள் காலை ஒன்பது மணியாகியும் சிஸ்டர் வாசலில் பால் பாக்கெட் கிடந்தது. தட்டினேன். உள்ளேயிருந்து முனகல் மட்டும் வந்தது. பாய் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார். இரண்டு சாவியும் உள்ளே. ஜன்னலெல்லாம் கம்பி. பட்டறைக்காரர் இரும்பு அறுக்கும் மெஷினோடு வந்தார். அன்று பார்த்து மாதாந்திர மின்தடை. கடப்பாரை வாங்கிவந்து நெம்பினோம். திருடனுக்காகப் போட்ட கதவு எங்களுக்கும் அசையவில்லை. பாய் ஜன்னலில் வாயை வைத்து, "சிஸ்டர், இதோ வந்துட்டோம், இதோ" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒருகட்டத்தில் முனகல் நின்றது. அவர் மட்டும் நிறுத்தவில்லை.

கதவு பெயர்ந்தபோது மணி பன்னிரண்டு. சிஸ்டர் குளியலறையில் விழுந்து கிடந்தார். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார். "காலைலயே கொண்ணாந்திருந்தா?" என்று டாக்டரிடம் பாய் கேட்டார். "சொல்ல முடியாது பாய்" என்றார் டாக்டர். காப்பாற்றியிருக்கவே முடியாது என்று சொல்லியிருந்தால்கூட அவர் தூங்கியிருப்பார்.

அதற்குப் பிறகும் பாய் யார் சாவியையும் வாங்கவில்லை. வீடுவீடாக வந்து, "ஒன்னோட ரெண்டாவது சாவி வெளிய யாராண்ட கீது? எனக்கு வாணாம். நீ நம்பற ஆளாண்ட குடு" என்று மட்டும் கேட்டுப்போனார். இன்று எனக்கும் இரண்டு வீடுகள் வாடகைக்கு இருக்கின்றன. குடிவருகிறவர்களிடம் அட்வான்ஸ் பேசுவதற்கு முன் நான் கேட்பதும் அதுதான். வீடு விடுகிற யாருக்கும் நான் சொல்ல அது ஒன்றுதான் இருக்கிறது.

ஆணியில் தொங்கும் சாவியை நான் ஒரே ஒருமுறைதான் அவசரத்துக்கு எடுத்தேன். பாயின் மனைவி காலமாகி, மகன் சவூதியில் இருந்த காலம். காலைத் தொழுகைக்கு அவர் வரவில்லை என்று பள்ளிவாசலிலிருந்து ஓர் ஆள் வந்து சொன்னார். திறந்துகொண்டு போனேன். கட்டிலில் கண் திறந்திருந்தார், பேச்சு இல்லை. என் கையைப் பிடித்தவர், ஆம்புலன்ஸ் வரும்வரை விடவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டார். மகன் முகம் பார்க்க வந்து சேர்ந்திருந்தான்.

சிஸ்டர் போன மறுவாரம் தன் வீட்டு இரண்டாவது சாவியை நீட்டி, தட்டிக்கினு நிக்காத என்று அவர் சொன்னபோது, "இன்னா பாய், வூட்டுக்காரர் சாவி குடித்தனக்காரனாண்டயா?" என்று சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. சாவியை என் சட்டைப்பையில் போட்டார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, நான் திறக்கும் சத்தத்துக்காக அந்தப் பக்கம் நின்றார்.