வஞ்சப்புகழ்ச்சிக்கு இரண்டு மதிப்பெண்

சரிக்குறி போடும்போதும் தமிழாசிரியை திட்டிக்கொண்டேதான் போடுவார். "நோட்ஸு. மறுபடியும் நோட்ஸு." உவமைக்கு எடுத்துக்காட்டு கேட்டால் முத்துப் போன்ற பல். உருவகத்துக்குக் கேட்டால் முகமதி. கட்டுக்கு முப்பது விடைத்தாள் என்றால் முப்பதிலும் அதே பல், அதே மதி. விடை சரி என்பதால் மதிப்பெண் போட்டாக வேண்டும். அந்தக் கோபம் பேனா முனையில் இறங்கி, சரிக்குறி அடுத்த பக்கம்வரை பதிந்திருக்கும்.

தமிழாசிரியைக்கு ஐம்பத்து மூன்று வயது. சக ஆசிரியர்கள் முதுகுக்குப் பின்னால் 'அணியம்மா' என்பார்கள். அவருக்கு அது தெரியும். வீட்டிலும் அணியை விடமாட்டார். கணவர் கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். மழை நாளில் போர்வைக்குள்ளிருந்தே, "இன்னைக்குக் கடை திறக்காதேன்னு சொல்லத்தான் இந்த மழை வருது" என்பார். "தற்குறிப்பேற்றம். எந்திரிங்க" என்று பதில் வரும். பேருந்தில் நடத்துநர், "உள்ள போங்க, கடல் மாதிரி இடம் கெடக்கு" என்றால், "உவமையும் பொய், இடமும் பொய்" என்று அசையாமல் நிற்பார்.

"அணியெல்லாம் மார்க்குக்கு இல்ல" என்பது வகுப்பில் அவர் வழக்கமாகச் சொல்வது. "எதிர்ல இருக்கிறவன் என்ன சொல்றான், சொல்லாம என்ன சொல்றான்னு கண்டுபிடிக்க."

அன்று விடைத்தாள் திருத்தும் மையத்தில் பதினோராவது நாள். மின்விசிறிக்குத் தாள் பறக்காமலிருக்க ஒவ்வொருவர் மேசையிலும் ஒரு செங்கல் துண்டு. 'வஞ்சப்புகழ்ச்சி அணியை எடுத்துக்காட்டுடன் விளக்குக. இரண்டு மதிப்பெண்.' புகழ்வது போலப் பழிப்பது என்று எல்லோரையும் போல எழுதிவிட்டு, பெயர் தெரியாத அந்தப் பிள்ளை சொந்தமாக ஒன்று சேர்த்திருந்தது: 'எங்கள் பள்ளிக் கழிவறையைப் போலச் சுத்தமான கழிவறை எங்கும் இல்லை. அது எப்போதும் பூட்டியே இருக்கும்.'

ஆசிரியைக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே நின்றது. அவர் பள்ளியிலும் பூட்டுதான். சாவி ஆசிரியர் அறை ஆணியில் தொங்கும். தினமும் இரண்டு முறை அவரும் எடுக்கிறார், திரும்ப மாட்டுகிறார். பெண் பிள்ளைகள் சாயங்காலம்வரை தண்ணீர் குடிக்காமல் இருப்பதைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்தவர்தான். இரண்டு மதிப்பெண் போட்டார். கடைசியில் கூட்டிப் பார்த்தபோது, தேர்ச்சிக்கு மட்டுமட்டாக வந்திருந்தது.

மட்டுமட்டாகத் தேறிய தாள்களை முதன்மைத் தேர்வாளர் மறுபடி பார்ப்பார். அவர் இரண்டை அடித்துச் சுழியம் போட்டுத் திருப்பி அனுப்பினார். ஆசிரியை தாளோடு அவர் மேசைக்குப் போனார்.

"எதுக்கு சார் அடிச்சீங்க?"

"விடைக்குறிப்புல இந்த உதாரணம் இல்லையே, டீச்சர்."

"சொந்தமா எழுதினா இருக்காது. விளக்கம் சரியா இருக்கே, அதுக்காவது மார்க் வேணாமா?"

"பாஸ் பண்ண வைக்கணும்னு போட்டிருக்கீங்க."

"கூட்டுறதுக்கு முன்னாடி போட்ட மார்க்கு சார் அது."

அவர் குரலைத் தாழ்த்தினார். "பள்ளிக்கூடத்தையே கேவலமா எழுதியிருக்கு. இதுக்கு மார்க் போட்டா நாளைக்கு யாரு பதில் சொல்றது?"

"கேவலமா ஒரு வார்த்தை காட்டுங்க. சுத்தம்னுதானே எழுதியிருக்கு?"

"அதோட அர்த்தம் அது இல்லையே."

"அர்த்தம் வேறன்னு உங்களுக்குப் புரிஞ்சிடுச்சுல்ல. கேள்வி கேட்டதே அதைத்தான்."

பக்கத்து மேசைகளில் பேனாக்கள் நின்றன. முதன்மைத் தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம். ஒண்ணு போட்டுக்குங்க."

ஒன்று போட்டால் அந்தப் பிள்ளை ஒரு மதிப்பெண்ணில் தோற்கும். "உங்களுக்குப் பாதிதான் புரிஞ்சுதா சார்?" என்று கேட்டுவிட்டு, ஆசிரியை தாளை அவர் மேசையிலேயே வைத்துவிட்டு இடத்துக்கு வந்தார்.

அடுத்த கட்டை அவிழ்க்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு மேசை முடிக்காவிட்டால் அந்த அறையின் கணக்கை முடிக்க முடியாது. அறையை விட்டு யாரும் வீட்டுக்குப் போக முடியாது. "டீச்சர், என் பஸ் போயிடும்" என்று ஒருவர் கெஞ்சினார். "ஒரு மார்க்குக்கா இவ்வளவு?" என்றார் இன்னொருவர். "அந்தப் பிள்ளைக்கு ஒரு வருஷம்" என்றார் ஆசிரியை, திரும்பிப் பார்க்காமல்.

முக்கால் மணி நேரம் கழித்து முதன்மைத் தேர்வாளரே எழுந்து வந்தார். சுழியத்தை அடித்து, பக்கத்தில் இரண்டு என்று எழுதியிருந்தார். திருத்தத்துக்குக் கீழே அவர் சுருக்கொப்பம், எறும்பு ஊர்ந்தது போல, யாருடையது என்று சொல்ல முடியாத அளவில்.

"போதுமா டீச்சர்? இனி கட்டைப் பிரிங்க."

ஆசிரியை தாளைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். தாளை அவர் பக்கமாகத் திருப்பி வைத்து, தன் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றி, முழுக் கையெழுத்துக்காக அவரிடம் நீட்டினார்.