ஏழாவது நிபந்தனை

எங்கள் வீட்டில் இலவசம் என்ற சொல்லுக்கு நல்ல பெயர் கிடையாது. அக்காவுக்குப் பதினொன்றாம் வகுப்பில் அரசாங்க சைக்கிள் கொடுத்தபோது, மூன்று மாதம் அதில் யாரையும் ஏற விடவில்லை அத்தை. "திருப்பிக் கேப்பாங்க. கேக்கறப்ப புதுசாட்டவே குடுத்தறலாம்" என்று சாக்குப் போட்டு மூடி வைத்துவிட்டார். அக்கா அந்த மூன்று மாதமும் நடந்தே பள்ளிக்கூடம் போனாள். யாரும் திருப்பிக் கேட்கவில்லை. அதுவும் அத்தைக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களோடு இருந்தார். பெரியநாயக்கன்பாளையத்தில் பம்பு மோட்டார் செய்யும் ஒரு பட்டறைக்கு வீட்டிலிருந்தே செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றிக் கொடுப்பார். எழுத்துத் தெரியாது, எண் தெரியும். சுற்று எண்ணிக்கொண்டிருக்கும்போது வீடே தீப்பிடித்தாலும் எண்ணி முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். அப்பா ஐந்தாம் வகுப்பு வரை போனவர். அந்தத் தலைமுறையில் எங்கள் வீட்டில் எழுத்துக்கூட்டத் தெரிந்தது அவர் ஒருவருக்குத்தான். ஆனாலும் பெரிய முடிவெல்லாம் அத்தையுடையது. அத்தை சொன்னதை அப்பா மறுத்து நான் பார்த்ததில்லை. அக்கா என்கிற மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வீட்டுக்குத்தான் அக்காவின் உதவித்தொகைச் சேதி வந்தது. கோயமுத்தூரில் ஒரு பெண்கள் கல்லூரி. நன்றாகப் பாடும் பெண்களுக்கு மூன்று வருடமும் கட்டணம் இல்லை. விடுதியும் சாப்பாடும் சும்மா. எந்தப் பாடம் வேண்டுமானாலும் படிக்கலாம், கல்லூரி விழாக்களில் பாடினால் போதும். பள்ளிக்கூடத்துத் தமிழ் டீச்சர்தான் விண்ணப்பம் போட்டு விட்டார். அக்கா பி.காம். கேட்டிருந்தாள்.

"பாட்டுப் படிக்கறதுக்குப் பாடச் சொன்னா செரி. கணக்குப் படிக்கறதுக்கு என்னத்துக்குப் பாட்டு?" என்றார் அத்தை.

இது கிடைக்காவிட்டால் காந்திபுரத்தில் ஒரு ஜவுளிக்கடை. அங்கே ஏற்கெனவே சொல்லி வைத்தாகிவிட்டது. திங்கட்கிழமையிலிருந்து வரச் சொல்லியிருந்தார்கள்.

அம்மாவுக்கு வேலையில் லீவு கிடைக்கவில்லை. அப்பா, அத்தை, அக்கா, ஐந்தாம் வகுப்பு முடித்து லீவில் இருந்த நான், நாலு பேரும் போனோம். பாட்டுத் தேர்வை ஜன்னல் வழியாகப் பார்த்தோம். யாரிடம் கற்றுக்கொண்டாய் என்று கேட்டார்கள். "ரேடியோவுலீங்க" என்றாள் அக்கா. சிரித்தார்கள். அவள் பாடியதும் சிரிப்பு நின்றது. கண்ணாடி போட்ட ஒரு அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"பாத்தியா, உள்ளுக்குள்ள கணக்குப் போடறா" என்று அத்தை என் காதில் சொன்னார்.

அக்காவைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். மூன்று மணிக்குள் பெற்றோர் கையெழுத்தோடு படிவம் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் இடம் அடுத்த பெண்ணுக்கு என்று சொல்லி, விடுதியைப் பார்த்து வர வார்டனோடு அனுப்பினார்கள்.

வார்டன் நல்ல அம்மா. பெண்ணைப் பெற்றவர்களுக்கு என்ன பயம் இருக்கும் என்று பல வருடமாகப் பார்த்துப் பழகியவர்.

"பயமே வேண்டாமுங்க. ஆறு மணிக்குக் கேட்டப் பூட்டிருவமுங்க. சாவி என்ற இடுப்புலதான் இருக்கும்."

தொண்டாமுத்தூரிலிருந்து பெண்ணோடு வந்திருந்த ஒரு விவசாயி திருப்தியாகத் தலையாட்டினார். அத்தையின் முகம் மட்டும் இறுகியது.

"நாங்க பாக்கோணும்னா?"

"ஞாயித்துக்கெழம மட்டுமுங்க. பெத்தவங்க மட்டும்."

"போனு?"

"கைல குடுக்க மாட்டமுங்க. என்ற ரூமுல இருந்து பேசிக்கலாம், நானும் பக்கத்துலயே இருப்பேன்."

"அவளுக்கே ஊட்டுக்கு வரோணும்னு இருந்தா?"

"என்ற கையெழுத்தில்லாம ஒரு ஈ கூட வெளிய போவாதுங்க!" என்று வார்டன் பெருமையாகச் சொன்னார். விவசாயி அங்கேயே பேனாவை எடுத்துவிட்டார். அத்தை அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தார்.

வேப்பமரத்தடியில் நின்றோம். அக்கா அழவில்லை. படிவத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். அப்பா வாங்கக் கை நீட்டினார். அத்தை அதைப் பார்க்காததுபோல் படிவத்தை வாங்கி என்னிடம் கொடுத்தார்.

"நீ படி கண்ணு. அவ படிச்சா அவளுக்கு வேண்டியதப் படிப்பா."

எனக்குத் தலைகால் புரியாத பெருமை. சத்தமாக ஆரம்பித்தேன். நிபந்தனைகள் என்று போட்டு வரிசையாக நம்பர் கொடுத்திருந்தார்கள். மாணவி வருகைப்பதிவு குறையாமல் இருக்க வேண்டும், ஒத்திகைக்கு வர வேண்டும், இப்படி ஆறு. ஏழாவதை வாய்க்குள்ளேயே படித்தேன்: மாணவி படிப்பை இடையில் நிறுத்தினால், அதுவரை பெற்ற உதவித்தொகை முழுவதையும் திருப்பிச் செலுத்தக் கடமைப்பட்டவர் ஆவார்.

நிமிர்ந்தேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்துக்காகத்தான் செய்தேன் என்று பிற்பாடு பலமுறை எனக்கு நானே சொல்லியிருக்கிறேன். அவள் விடுதிக்குப் போனால் சைக்கிள் எனக்கு என்று பேசி வைத்திருந்தோம், அதையும் சொல்ல வேண்டும். ஏழாவதை விட்டுவிட்டு எட்டைப் படித்தேன், ஒன்பதைப் படித்தேன், முடித்தேன்.

"ஒம்பது நம்பர் இருக்குது" என்றார் அத்தை. "நீ எட்டுத்தான் படிச்சே."

நான் ஏதோ முனகினேன்.

"ஒண்ண உட்டுப்போட்டயே கண்ணு."

திட்டியிருந்தால் தேவலை. அத்தை குரலை உயர்த்தவே இல்லை. மரத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார். "மில்லுக்குப் போறப்ப எனக்கும் இப்பிடித்தான் படிச்சுக் காட்டுனாங்க. மூணு வருசம் வேல, ஹாஸ்டலு, சோறு சும்மா, முடிச்சா மொத்தமாப் பணம். ரெண்டே முக்கா வருசத்துல காச்சல் வந்து, நிக்க முடியாம ஊட்டுக்கு வந்துட்டேன். ஒத்தப் பைசாத் தரலை. கேட்டதுக்கு, பேப்பர்ல ஒரு வரியக் காட்டுனாங்க. அந்த வரி என்ற காதுல உழுகவே இல்ல."

அக்காவுக்கே அது புதிய செய்தி. அப்பா, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு வருவதாகச் சொல்லிவிட்டு கேட் பக்கம் போனார். பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் இருக்கும் ஊருக்கு எதற்கு நேரம் கேட்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

அத்தை படிவத்தோடு நேராக வார்டனிடம் போனார். நானும் அக்காவும் பின்னாலேயே ஓடினோம். எல்லாம் முடிந்தது, படிவத்தை மேசையில் வீசப் போகிறார் என்றுதான் இருவரும் நினைத்தோம்.

"ஏனுங்க, இத நீங்க ஒருக்காப் படிங்க."

வார்டன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். அத்தை விரல்களை மடக்கி எண்ணிக்கொண்டே வந்தார். ஏழாவது வந்ததும் வார்டனே நிறுத்தி, விரலை வைத்துக் காட்டினார். "இதத்தான் முக்கியமாப் பாத்துக்கோணுமுங்க. பாதியில நின்னுட்டா கட்டச் சொல்லுவாங்க. பொறவு எங்ககிட்ட வந்து சண்டை புடிக்கக் கூடாதுங்க."

"காச்சல் வந்து நின்னா?"

"டாக்டர் சீட்டு இருந்தா கேக்க மாட்டாங்க. கல்யாணம் காச்சின்னு நிறுத்துனாத்தான்."

பிறகு எட்டையும் ஒன்பதையும் படித்தார். அத்தையின் விரல் கணக்கும் ஒன்பதில் நின்றது. வார்டனின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"போயி உங்கொப்பனக் கூட்டீட்டு வா. கையெழுத்துப் போடட்டும்" என்றார் என்னிடம்.

அப்பா வந்து போட்டார். ஒவ்வொரு எழுத்தாக, காகிதம் கிழிகிற மாதிரி அழுத்திப் போட்டார்.

அக்காவின் ஏற்பாடு கெட்டுவிடக்கூடாது என்று நான் பொய்யாகப் படித்தது, அவள் ஏற்பாட்டையே கெடுக்கப் பார்த்தது. எங்கள் சந்தேகத்துக்கெல்லாம் உரியவரான வார்டன் ஒரு வரி விடாமல் படித்தது அதைக் காப்பாற்றியது. இதை அன்று இப்படிச் சொல்ல எனக்குத் தெரியாது. எப்படியோ தப்பித்தேன் என்றே நினைத்தேன்; சைக்கிளும் எனக்கு வந்தது. அத்தைக்கு என் படிப்புத்தான் பிடிக்காமல் போய்விட்டது. அதற்குப் பிறகு எந்தக் காகிதத்தையும் என்னிடம் படிக்கச் சொன்னதில்லை. கேஸ் புத்தகமானாலும் ரேசன் கடைக்காரம்மாவிடம் எடுத்துப் போவார். இன்று நான் கல்லூரியில் தமிழ் இலக்கியம் படிக்கிறேன். இப்போதும் அப்படித்தான்.

அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தோம். அக்கா அம்மாவுக்குப் பாடிக் காட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு மில் கதை விடவில்லை.

"அத்தை, உங்களுக்கு அந்தப் பேப்பரைப் படிச்சுக் காட்டுனது யாருங்க?"

அத்தை என் தட்டில் ரசம் ஊற்றினார். "உடு கண்ணு. அவனும் அப்ப உன்னாட்டம் சின்னப் பையந்தான்."

அப்பா பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவப் போனார். காலையிலிருந்து அலைந்த களைப்பு, அவருக்குப் பசியில்லை போலிருக்கிறது என்று நினைத்து, அவர் தட்டில் இருந்த அப்பளத்தை நான் எடுத்துக்கொண்டேன்.