குளவி விளையாட்டு

குவைத்தில் நான் வேலை பார்த்த வீட்டில் பிள்ளைக்கென்றே ஓர் அறை இருந்தது. தரை தெரியாத அளவுக்கு விளையாட்டுச் சாமான். விளையாடினால்தான் பிள்ளை பேசும், பழகும், புத்தி வளரும் என்று அந்த வீட்டம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்தார். நானும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனவள் நான். கொழும்பு, மட்டக்களப்பு, குவைத் என்று ஓரிடத்தில் நிற்காமல் சுற்றியிருக்கிறேன். ஆனாலும் அந்தப் பாடம் மட்டும் எனக்குப் புதிதில்லை. பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலை மலையில் குப்புறக் கிடந்து படித்த பாடம் அது.

எனக்கு அப்போது ஏழு வயது இருக்கும். தங்கச்சி என்னைவிட மூன்று வயது சிறியவள். அவளுக்குப் பேச்சு வரவில்லை. பசித்தால் சட்டையை இழுப்பாள், பயந்தால் என் முதுகுக்குப் பின்னால் ஒளிவாள். வேலை நாளில் அவளைத் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு அம்மா கொழுந்தெடுக்கப் போகும். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்காம்பரா பூட்டிக் கிடக்கும். அன்றைக்கே கையில் காசு தருகிற கைக்காசுக்குக் கொழுந்தெடுப்பதோ ஞாயிற்றுக்கிழமைதான். அதனால் அன்றைக்கு நாங்களும் மலைக்குப் போவோம். தங்கச்சியைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

அங்கேதான் குளவி விளையாட்டு. பக்கத்து லயத்து வரிசை வீட்டுப் பையன் ஒருவன் கையில் குச்சியோடு கங்காணி. மற்றவர்கள் பால்மா டின்னில் புல்லைப் பறித்துப் போட்டுக் கொழுந்தெடுப்போம். அவன் திடீரென்று "குளவி!" என்று கத்துவான். உடனே மழைத்தண்ணீர் ஓட வெட்டிய கானுக்குள் விழுந்து, உரச்சாக்கை இழுத்துத் தலையோடு போர்த்திக்கொள்ள வேண்டும். பெரியவர்கள் மலையில் அப்படித்தான் செய்வார்கள். அவர்களுக்குச் சாக்கு இல்லை, இடுப்பில் கட்டியிருக்கும் படங்கு; செடி குத்தாமலிருக்கக் கட்டுகிற முரட்டுத் துணி அது. கங்காணி எங்கள் உள்ளங்காலில் மானாப்புல்லால் கிச்சுகிச்சு மூட்டுவான். அசைந்தவர்கள் செத்தார்கள். அவர்களுக்காக நாங்கள் மாரடித்து அழுவோம், சிரித்துக்கொண்டே. அசையாதவர்கள் கடைசியில் கங்காணி கூப்பிடும்வரை கிடக்க வேண்டும்.

"குளவி போயிருச்சு. எந்திரிச்சு வா புள்ள, பேரு போடணும்!"

ஒரு நாள் வேலையைப் பதிவதைத்தான் பேர் போடுவது என்போம். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். எங்கள் விளையாட்டிலும் செத்தவர்களுக்கு அரைப்பேர்தான். தோட்டத்து நியாயம் எங்களுக்கு அப்போதே அத்துப்படி.

தங்கச்சியை முதலில் யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை.

"இத ஏன்டி இழுத்துக்கிட்டு வர்ற? இது வாயே தொறக்காதே" என்றான் கங்காணிப் பையன்.

மேல் நிரையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெரியம்மாவுக்கு அது கேட்டுவிட்டது. அம்மாவுக்கு மூத்தவள், எங்கள் லயத்திலேயே அடுத்த காம்பராவில் இருந்தாள், அவளுக்குப் பிள்ளை இல்லை. "அடேய் பெரிய கங்காணி, ஒன் சத்தம் ஒண்ணே இந்த மலைக்குப் போதும். அவளச் சேத்துக்க. நாலு புள்ளைங்களோட உருண்டா பேச்சு தன்னால வந்துரும்."

பெண்கள் சிரித்தார்கள். அவன் முகம் சிவந்து சேர்த்துக்கொண்டான்.

அந்த விளையாட்டில் தங்கச்சியை யாராலும் வெல்ல முடியவில்லை. புல்லால் தடவினாலும் எறும்பு ஏறினாலும் கல் மாதிரி கிடப்பாள். கூப்பிட்டதும் எழுந்து, கங்காணி குச்சியால் பேர் போட உள்ளங்கையை நீட்டுவாள். அரைப்பேர் அவள் வாங்கியதே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெயில் சுள்ளென்று அடித்தது. வாகை மரத்துக் குளவிக்கூட்டில் பருந்து ஒன்று கொத்தியதாகப் பிறகு சொன்னார்கள். நான் பருந்தைப் பார்க்கவில்லை. முதலில் தூரத்தில் லொறி ஏறுவது போல ஒரு இரைச்சல். பிறகு அது தலைக்கு மேலே வந்தது. "குளவி!" என்று யாரோ அலறினார்கள். அந்தக் குரலில் விளையாட்டு இல்லை.

இத்தனை நாள் விளையாடிப் படித்ததெல்லாம் எனக்கு மறந்துபோனது. ஓடினேன். எல்லாரும் ஓடினோம். கங்காணிப் பையன் குச்சியைப் போட்டுவிட்டு எனக்கு முன்னால் ஓடினான். கழுத்தில் தணல் வைத்தது போல ஒன்று, காதில் ஒன்று. கொழுந்து நிறுக்கும் தகர மடுவத்துக்குள் விழுந்த பிறகு யாரோ கதவைச் சாத்தினார்கள். இருட்டில் ஒருவரை ஒருவர் தடவிப் பார்த்தோம். என் கையைப் பிடித்திருக்க வேண்டிய கை இல்லை.

வெளியே இரைச்சல் தகரத்தில் மோதிக்கொண்டே இருந்தது. கதவைத் திறக்க உள்ளே இருந்த பெரியவர்கள் விடவில்லை. அம்மா எங்கேயாவது உயிரோடு இருந்து, "அவ எங்கடி?" என்று கேட்டால் என்ன சொல்வது என்று நினைத்தபோது கால் வழியாக மூத்திரம் போனது.

ஆண்கள் பந்தம் கொளுத்திப் புகை போட்டுக்கொண்டு வந்தார்கள். இரைச்சல் அடங்கியதும் அவர்கள் பின்னாலேயே நான் ஏறினேன். அம்மா அங்கே இருந்தது. முகம் வீங்கி ஒரு கண் மூடிவிட்டது. என்னிடம் எதுவும் கேட்கவில்லை. செடி செடியாக விலக்கிக்கொண்டிருந்தது.

எங்கள் உரச்சாக்குகள் போட்ட இடத்திலேயே குவியலாகக் கிடந்தன. கானுக்குள் ஒரு படங்கு மட்டும் விரிந்து கிடந்தது. நாலு பக்கமும் மண்ணுக்குள் செருகியிருந்தது. அதன் மேல் இன்னும் சில குளவிகள் ஊர்ந்தன. பந்தத்தோடு வந்திருந்த என் மாமா புகையைக் காட்டி அதைத் தூக்கினார். தங்கச்சி குப்புறக் கிடந்தாள். கூப்பிட்டார்கள். உலுக்கினார்கள். கல் மாதிரி கிடந்தாள். அம்மாவின் தொண்டையிலிருந்து வந்த சத்தம் மனிதச் சத்தமாக இல்லை.

எனக்கு மட்டும் தெரிந்தது. கங்காணி இன்னும் கூப்பிடவில்லை.

கங்காணிப் பையனின் குரலில் கத்தினேன். "குளவி போயிருச்சு. எந்திரிச்சு வா புள்ள, பேரு போடணும்!"

அவள் கண்ணைத் திறந்தாள். எழுந்து உட்கார்ந்தாள். உள்ளங்கையை நீட்டினாள். உடம்பில் ஒரு கொட்டுகூட இல்லை.

அம்மா அவளை அள்ளிக்கொண்டது. பிறகு மாமா கையிலிருந்த படங்கைப் பார்த்தது. அதில் நீலப் பூப்போட்ட ஒட்டுத் துணி தைத்திருந்தது. எங்கள் மலையில் அப்படி ஒட்டுப்போட்ட படங்கு பெரியம்மாவுடையது ஒன்றுதான். எல்லாரும் மேல் நிரையைப் பார்த்தார்கள்.

உடம்பெல்லாம் கொட்டுப்பட்டு அங்கே கிடந்த பெரியம்மாவைத் தோட்டத்து லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் பெட்டியில் கொண்டுவந்தார்கள். லயத்து வாசலில் பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். தங்கச்சி கால்களுக்கிடையே நுழைந்து பெட்டியருகே போனாள். பெரியம்மாவின் கன்னத்தில் கை வைத்தாள். எல்லாருக்கும் கேட்கும்படி, சுத்தமாக, வாழ்க்கையில் முதல் முறையாகப் பேசினாள்.

"குளவி போயிருச்சு. எந்திரிச்சு வா புள்ள, பேரு போடணும்."

ஒப்பாரி நின்றுபோனது. அவள் காத்திருந்தாள். இன்னொரு முறை, கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள். எனக்கு அழுகை வரவில்லை. தங்கச்சிக்குப் பேச்சு வந்துவிட்டது, அம்மா ஏன் சந்தோஷப்படவில்லை என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

சில வாரம் கழித்து மறுபடியும் விளையாட ஆரம்பித்தோம். தங்கச்சி இப்போது கங்காணியையே அதட்டுவாள். எங்கள் விளையாட்டுத்தான் அவளைக் காப்பாற்றியது என்று நான் எல்லாப் பிள்ளைகளிடமும் பெருமையடித்தேன். அதை நடத்திக் காட்ட, துணிப்பெட்டிக்கடியில் மடித்து வைத்திருந்த அந்தப் படங்கை எடுத்து வந்தேன். தங்கச்சியைக் கானில் படுக்க வைத்து மேலே போர்த்தினேன். வேலை விட்டு வந்த அம்மா அதைப் பார்த்துவிட்டது.

அடி விழும் என்று ஓடத் தயாராக நின்றேன். அம்மா அடிக்கவில்லை. கானுக்குள் இறங்கி, படங்கின் ஓரங்களை ஒவ்வொன்றாக மண்ணில் செருகிப் பார்த்தது. படங்குக்கு வெளியே இருந்தபடியே நாலாவது ஓரத்துக்கு வந்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டது.

துவைத்து வைத்த படங்கை மண்ணாக்கிவிட்டோம் என்று கோபம் போல, என்று நினைத்துக்கொண்டேன்.